தோற்றவர் அள்ளிய மண்

1958ஆம் ஆண்டுக் கோடையில், ஒகினாவாத் தீவின் நாஹா துறைமுகத்தில் வந்திறங்கிய உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் தம் பைகளில் பத்திரப்படுத்திக் கொண்டுவந்த மண்ணை, பயிர்நோய்த் தடுப்புச் சட்டத்தைக் காட்டி அதிகாரிகள் வாங்கிக்கொண்டார்கள். அது கடலில் கொட்டப்பட்டது. ஓஸாகா நகருக்கும் கோபே நகருக்கும் இடையே இருக்கும் கோஷியன் என்ற பேஸ்பால் மைதானத்தில் அள்ளிய கரிய மண் அது. ஷூரி உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த அந்தப் பிள்ளைகள், ஒகினாவாவின் சார்பில் அந்த மைதானத்தில் முதன்முதலாக இறங்கி ஆடி, முதல் ஆட்டத்திலேயே மூன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றுத் திரும்பியவர்கள். உலக யுத்தத்திற்குப் பிறகு ஒகினாவா அமெரிக்கரின் ஆட்சியில் இருந்தபடியால், தாய்நாட்டுக்குப் போய்வரவே பிரயாண அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த அந்தக் காலத்தில், ஜப்பானின் மண் அந்தத் தீவுக்குச் சட்டப்படி அந்நிய மண்ணாகிவிட்டது.

இந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட ஜப்பான் விமானக் கம்பெனியின் பணிப்பெண்கள், மண்ணுக்குத்தான் தடையே தவிரக் கல்லுக்குத் தடை இல்லை என்பதை உணர்ந்து, கோஷியனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கிச் சேர்த்து அந்தப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தக் கற்கள் பள்ளி வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னத்தில் பதிக்கப்பட்டு இன்றும் இருக்கின்றன.

வென்ற இடத்து மண்ணை ஒருவன் வீட்டுக்குக் கொண்டுபோனால் அதன் காரணம் எல்லோருக்கும் விளங்கும். தோற்ற இடத்து மண்ணை எதற்காகச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தால்தான், விளையாட்டும் தேகப்பயிற்சியும் ஜப்பானியப் பொதுஜனங்களின் கதைகளிலும் சித்திரங்களிலும் அன்றாட வாழ்க்கையிலும் எந்த இடத்தைப் பெற்றிருக்கின்றன என்பது புலப்படத் தொடங்குகிறது. வெற்றியைக் கொண்டாடாத நாடு உலகில் இல்லை. தோற்றவனுக்கு இத்தனை மரியாதையாக ஓர் ஆசனம் போட்டு வைத்திருக்கும் நாட்டை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அந்த ஆசனத்தின் கீழே கொஞ்சம் இருளும் இருக்கிறது என்பதையும் இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விடுவதற்கில்லை.

அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளிகளின் கோடைக்காலப் பேஸ்பால் போட்டி 1915இல் தொடங்கியது. அதற்கென்றே 1924இல் கோஷியன் மைதானம் எழுந்தது. நம்முடைய பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷங்கள் சுழல்வதைப் போலவே சீன, ஜப்பானியக் காலக்கணக்கிலும் அறுபதாண்டுச் சக்கரம் ஒன்று உண்டு. அந்தச் சக்கரத்தின் முதலாம் ஆண்டு 1924இல் பிறந்தபடியால், அந்த மங்கள வருஷத்தின் பெயரையே மைதானத்துக்குச் சூட்டிவிட்டார்கள். நாடெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் பிராந்திய ஆட்டங்களில் மோதி, கடைசியில் 49 பள்ளிகள் ஆகஸ்டு மாத வெயிலில் இங்கே வந்து சேர்கின்றன. ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே 49இல் 48 பள்ளிகள் தோல்வியோடுதான் கோஷியனை விட்டுப் போகின்றன என்பது நிச்சயம். ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பாரும் எதிரெதிராக வரிசையில் நின்று தலைகுனிந்து வணங்குகிறார்கள். வென்ற பள்ளியின் கீதம் ஒலிக்கிறது. பிறகு தோற்ற பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு, அழுதுகொண்டே இரு கைகளாலும் மண்ணை வாரிப் பைகளில் நிரப்பிக்கொள்கிறார்கள். தொலைக்காட்சிக் காமிராவும் அவர்களைத்தான் நெருங்கிப் போகிறது. யுத்தம் முடிந்த நாளாகிய ஆகஸ்டு 15ஆம் தேதி நண்பகலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சங்கு ஊத, ஆடுபவரும் காண்பவரும் எழுந்து மௌனமாக நிற்கும் வழக்கமும் அங்கே உண்டு.

கோஷியனைச் சுற்றிப் பின்னப்பட்ட சித்திரக்கதைகளை எண்ணி முடியாது. அதாசி மித்ஸுரு 1981இல் எழுதத் தொடங்கிய ‘டச்’ என்ற கதையில், இரட்டையரில் சாமர்த்தியசாலியான தம்பி, பிராந்திய இறுதியாட்டத்தன்று மைதானத்துக்கு வரும் வழியில் விபத்தில் இறந்துபோகிறான். அவன் கண்ட கனவை, எதிலும் பற்றின்றித் திரிந்த அண்ணன் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறான். ஒருவன் விட்டுச் சென்றதை இன்னொருவன் எடுத்துச் செல்லுதல் என்ற இந்தக் கருத்து, ஜப்பானிய விளையாட்டுக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவது. அதைக் கதையாக அல்ல, கையால் தொடக்கூடிய ஒரு துணியாகவே செய்து காட்டும் போட்டி ஒன்று அங்கே உண்டு.

எகிடென் என்பது நெடுந்தூரத் தொடரோட்டம். பழங்காலத்தில் அரசாங்கத் தபாலைச் சுமந்து சென்ற குதிரைகளை மாற்றும் சாவடிகளை நினைவூட்டும் அந்தப் பெயர், 1917இல் கியோட்டோவின் ஸன்ஜோ பாலத்திலிருந்து டோக்கியோவின் உயேனோ வரை இரவும் பகலும் சுமார் 500 கிலோமீட்டர் ஓடிய ஓட்டத்திற்கு முதலில் இடப்பட்டது. ஓடுபவர்கள் கையில் குச்சியை மாற்றிக்கொள்வதில்லை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக, ஏறத்தாழப் பூணூல் கிடப்பதைப் போல, தஸுகி என்ற துணிப்பட்டையை அணிந்து ஓடி, அதைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுக்கிறார்கள். வருஷந்தோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவிலிருந்து ஹகோனே மலையிலுள்ள ஆஷி ஏரிக்குப் போய்த் திரும்பும் ஹகோனே எகிடென், கல்லூரி மாணவருக்கானது, தூரம் 217.1 கிலோமீட்டர், ஓர் அணிக்கு 10 பேர். 1920இல் நான்கே கல்லூரிகளோடு தொடங்கிய இந்த ஓட்டத்தை, இன்று புத்தாண்டு விருந்தின் எச்சங்கள் மேஜையில் இருக்க, குடும்பம் குடும்பமாகத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து இரண்டு நாளும் காலை முதல் பிற்பகல் வரை பார்க்கிறார்கள்.

இதில் மிகவும் உருக்கமான கட்டம், முதல்வன் கோட்டைக் கடப்பது அல்ல. தெருப் போக்குவரத்தை நெடுநேரம் நிறுத்திவைக்க இயலாதபடியால், முன்னணி அணிக்குக் குறிப்பிட்ட நிமிஷங்களுக்கு மேல் பின்தங்கிவிட்ட அணியின் அடுத்த ஓட்டக்காரன், தன் தோழன் வந்து சேரும்வரை காத்திராமல் வேறொரு பட்டையை அணிந்துகொண்டு ஓடத் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சில வருஷங்களில், தோழன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தள்ளாடி வந்துகொண்டிருக்கையிலேயே துப்பாக்கி வெடித்துவிடும். வியர்வையில் நனைந்த பட்டையைக் கையில் பிடித்தபடி வந்து சேரும் அவன், வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் கீழே விழுகிறான். தஸுகி அறுந்தது என்று சொல்வார்கள். நாடெங்கும் பல வீடுகளில் அந்த நிமிஷத்தில் பேச்சு நின்றுபோகும்.

ஹகோனே எகிடென் தோன்றக் காரணமானவர் கனகுரி ஷிஸோ. ஜப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்ட 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடப் போனவர். கடும் வெயிலில் நடுவழியில் மயங்கி விழுந்து, ஒரு குடும்பத்தாரால் தேற்றப்பட்டு, போட்டி அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமலே நாடு திரும்பிவிட்டவர். அந்த வெட்கமே அவரை ஆசிரியராக்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனி மனிதனாகத் தோற்ற ஒருவர், பத்துப் பேர் சேர்ந்து ஓடும் ஓட்டத்தைக் கண்டுபிடித்துத் தம் மக்களுக்குக் கொடுத்தார். ஸ்வீடன்காரர்கள் அவரை மறந்துவிடவில்லை. 1967இல், 75 வயதில், அவரை அழைத்து அதே மைதானத்தில் கோட்டைக் கடக்கச் செய்து, 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், 20.3 விநாடி என்று அவருடைய ஓட்ட நேரத்தை அறிவித்தார்கள். என்.எச்.கே. தொலைக்காட்சி 2019இல் ஒளிபரப்பிய ‘இதாதென்’ என்ற நெடுந்தொடரின் முதற்பாதிக்கு அவரே கதாநாயகர்.

இனி, தோல்வியைச் சற்றும் பொறுக்காத ஒரு காலத்துக்கு வருவோம். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், அக்டோபர் 23ஆம் தேதி, ஜப்பானியப் பெண்கள் வாலிபால் அணி ஸோவியத் அணியை வென்ற ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் விகிதம் டோக்கியோ வட்டாரத்தில் 66.8 சதவீதம், விளையாட்டு ஒளிபரப்பில் இன்றுவரை அதை மிஞ்சியது எதுவும் அந்த நாட்டில் இல்லை. கீழ்த்திசைச் சூனியக்காரிகள் என்று ஐரோப்பியப் பத்திரிகைகளால் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஓஸாகா அருகே கைஸுகா என்ற ஊரிலிருந்த நிச்சிபோ நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் ஆலை வேலை. மாலையில் தொடங்கினால் நள்ளிரவு வரை பயிற்சி. பயிற்றுநர் தைமத்ஸு ஹிரோபுமி, இம்பால் போர்முனையிலிருந்து உயிர் மீண்டு வந்த பழைய சிப்பாய். எட்டாத பந்தை நோக்கிப் பாய்ந்து, தரையில் விழுந்து, உருண்டு, விழுந்த வேகத்திலேயே எழுந்து நிற்கும் உத்தியை அவர் ஆயிரக்கணக்கான முறை அந்தப் பெண்களைச் செய்ய வைத்தார். யுத்தத்தில் தோற்று, பட்டினி கிடந்து, மீண்டும் எழுந்துகொண்டிருந்த ஒரு தேசம், உருண்டு எழும் அந்தப் பெண்களில் தன்னையே கண்டதில் வியப்பில்லை.

அந்த ஒலிம்பிக்கின் சூட்டிலிருந்து பிறந்ததுதான் ஸுபோகொன் என்ற கதைவகை. விளையாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையையும், நெஞ்சுரம் என்று பொருள்படும் கொன்ஜோ என்ற ஜப்பானியச் சொல்லின் தலையையும் சேர்த்துத் தைத்த பெயர் அது. கஜிவாரா இக்கி எழுதி, கவஸாகி நோபொரு சித்திரம் வரைந்து, 1966 முதல் வெளிவந்த ‘கியோஜின் நோ ஹோஷி’ இந்த வகையின் மூலநூல் என்று சொல்லத் தகும். தாம் அடைய முடியாத புகழை மகன் அடைய வேண்டுமென்று ஏங்கும் ஏழைத் தகப்பனார் ஹோஷி இத்தெத்ஸு, சிறு பிள்ளையின் உடம்பில் இரும்புச் சுருள்களாலான கவசத்தைப் பூட்டி, அதோடேயே சாப்பிடவும் பந்து வீசவும் பழக்குகிறார்; பிள்ளை ஹ்யூமா பெரிய வீரனாகிறான்; கடைசியில், ஒருவரையும் தளத்தை அடைய விடாத பரிபூரண ஆட்டம் ஒன்றை ஆடி முடிக்கும் அதே வேளையில் அவனுடைய இடக்கை நிரந்தரமாகப் பாழாகிறது. வாலிபாலை வைத்து உரானோ சிகாகோ 1968இல் வரையத் தொடங்கிய ‘அட்டாக் நம்பர் ஒன்’ சிறுமியருக்கு இதே வேகத்தை ஊட்டியது. கியோஜின் நோ ஹோஷியின் கதை 2012இல், பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட்டை வைத்து, ‘ஸூரஜ்’ என்ற பெயரில் இந்தியத் தொலைக்காட்சிக்கும் வந்தது.

இதே கஜிவாரா, தகாமொரி அஸாவோ என்ற இன்னொரு புனைபெயரில், சிபா தெத்ஸுயாவின் சித்திரங்களோடு, 1968 ஜனவரித் தேதியிட்ட இதழில் தொடங்கிய ‘அஷித நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைக் கதைதான் என் மனத்தை மிகவும் ஆட்கொண்டது. டோக்கியோவின் கூலித் தொழிலாளர் குடியிருப்பில் அலைந்து, சிறைக்கூடம் கண்ட அநாதைப் பையன் ஜோ. அவனுக்கு எதிரியாகவும் உயிர்த்தோழனாகவும் அமைந்தவன் ரிகிஇஷி தோரு. சித்திரக்காரர் தொடக்கத்தில் ரிகிஇஷியை ஜோவைவிட மிகவும் உயரமாக வரைந்துவிட்டார். இருவரும் ஒரே எடைப் பிரிவில் மோத வேண்டுமானால் ரிகிஇஷி தன் எடையைப் பயங்கரமாகக் குறைத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கதைக்கு ஏற்பட்டது. நீர் குடிக்காமல், எலும்பும் தோலுமாக வற்றி, ஜோவை வென்று, அந்த வெற்றியின் மேடையிலேயே அவன் உயிர் துறக்கிறான். ஒரு சித்திரத்தின் அளவுப் பிழை, ஒரு தலைமுறையின் துக்கமாக மாறிற்று! 1970 மார்ச் 24ஆம் தேதி, கவிஞரும் நாடகாசிரியருமான தெராயாமா ஷூஜியின் முயற்சியால், கோதான்ஷா பதிப்பகத்தின் மண்டபத்தில் குத்துச்சண்டை மேடை அமைத்து, புத்த பிக்கு சூத்திரம் ஓத, கற்பனைப் பாத்திரமாகிய ரிகிஇஷிக்கு இறுதிச் சடங்கு நடந்தது. ஏறக்குறைய 700 பேர் அஞ்சலி செலுத்த வந்தார்கள். ஜோவும் கடைசி ஆட்டத்தில் தோற்று, மூலை முக்காலியில், எரிந்து வெண்சாம்பலானவனைப் போலப் புன்னகையோடு அமர்ந்திருப்பதோடு கதை முடிகிறது. அவன் இறந்தானா, உயிரோடிருக்கிறானா என்ற வாதம் அரை நூற்றாண்டாகியும் ஓயவில்லை.

கதையில் இது அழகு. வாழ்க்கையில் இதன் விலை வேறு. அதே 1968 ஜனவரியில், த்ஸுபுராயா கோகிச்சி என்ற 27 வயதுச் சிப்பாய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டாவதாக மைதானத்துக்குள் நுழைந்து, மைதானத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, ஒரு தேசம் முழுவதும் பார்த்திருக்க, கடைசிச் சுற்றில் பிரிட்டிஷ் வீரர் ஒருவரால் முந்தப்பட்டு வெண்கலப் பதக்கம் பெற்றவர் அவர். அந்த ஒலிம்பிக்கில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகிய அனைத்திலும் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான். ஆயினும் அவர் அதைக் கடனாக எண்ணினார். அடுத்த ஒலிம்பிக்கில் தீர்த்துவிடுவதாகச் சொன்னார். முதுகு நோயும் மேலதிகாரிகளின் கண்டிப்பும் அவரை முறித்தன. தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் தமக்கு அளித்த உணவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவற்றின் சுவைக்கு நன்றி கூறி, இனித் தம்மால் ஓட முடியாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். நெஞ்சுரம் என்ற சொல்லை வியந்து பேசும்போதெல்லாம் இந்த மனிதரின் முகம் நம் முன் வந்து நிற்க வேண்டும்.

கோஷியனிலும் இந்த இருள் உண்டு. 2018இல் அகிதா மாநிலத்து விவசாயப் பள்ளியான கனாஅஷியின் பிள்ளைகள் இறுதியாட்டம் வரை முன்னேறியபோது, யோஷிடா கோசெய் என்ற ஒரே பையன் ஆறு ஆட்டங்களில் 881 முறை பந்து வீசினான். நாடே அவனை உச்சிமேல் வைத்துக் கொண்டாடியது. அதே சமயத்தில், வளரும் பிள்ளையின் தோளையும் முழங்கையையும் இப்படிப் பலியிடுவது தகுமா என்ற குரலும் வலுத்து எழுந்தது. 2020இலிருந்து ஒரு வாரத்துக்கு 500 வீச்சுக்கு மேல் ஒருவன் வீசக் கூடாதென்று வரையறுத்திருக்கிறார்கள். வெயிலைத் தணிக்க ஆட்டத்தின் நடுவே பத்து நிமிஷ ஓய்வும் 2023இல் வந்தது. மிகத் தாமதமாக வந்த நல்ல காரியங்கள் இவை. பொன்னான தோல்வி என்று பிறர் கண்ணீர் சிந்துவதற்காக ஒரு பிள்ளையின் கை பாழாவதை நான் எந்தக் கலாசாரத்தின் பெயராலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சித்திரக்கதைகளும் இதற்கிடையில் மாறிவிட்டன. தகாஹாஷி யோஇச்சி 1981இல் தொடங்கிய ‘கேப்டன் த்ஸுபாஸா’வில் கால்பந்து ஒரு தண்டனையாக அல்லாமல் ஆனந்தமாக இருக்கிறது, தொழில்முறைக் கால்பந்துச் சங்கமே இல்லாதிருந்த நாட்டுச் சிறுவர்களை அது மைதானத்துக்கு இழுத்தது, ஜே லீக் என்ற தொழில்முறைப் போட்டியின் ஆட்டங்கள் தொடங்கியது 1993இல்தான். இனோஉயே தகெஹிகோவின் ‘ஸ்லாம் டங்க்’ 1990 முதல் 1996 வரை வந்து கூடைப்பந்துக்கு அந்தப் பணியைச் செய்தது. ஒரு பெண்ணின் கவனத்தைப் பெறுவதற்காகவே விளையாட வந்த போக்கிரிப் பையன் ஸகுராகி, விளையாட்டையே காதலிக்கத் தொடங்குவதுதான் கதை. ஷொஹொகு அணி, வெல்லவே முடியாதென்று எண்ணப்பட்ட ஸன்னோ அணியை வெல்லும் அந்த ஓர் ஆட்டத்துக்குப் பல நூறு பக்கங்களை ஒதுக்கிய ஆசிரியர், அடுத்த சுற்றில் அதே அணி படுதோல்வி அடைந்து வெளியேறியதை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். சாம்பியன் பட்டத்தை எதிர்பார்த்திருந்த வாசகர்கள் திகைத்தார்கள். பிறகு அதையே நெஞ்சில் வைத்துப் போற்றினார்கள். 2022 டிசம்பரில் இனோஉயே தாமே இயக்கி வெளியிட்ட திரைப்படத்தில் அதே ஆட்டத்தை மீண்டும் காட்டும்போது, கதையின் நடுவில் நிறுத்தியது ஸகுராகியை அல்ல. அண்ணனைக் கடலில் பறிகொடுத்து, அண்ணன் விட்டுச் சென்ற ஆட்டத்தைத் தான் ஏற்று ஆடும் மியாகி ரியோதா என்ற குள்ளப் பையனை. அவன் ஒகினாவாக்காரன். ஷூரிப் பள்ளியின் கூழாங்கற்கள் அந்தக் கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஆனால் கோஷியனுக்கோ ஹகோனேக்கோ போகாத கோடானுகோடி ஜனங்களின் தேகப்பயிற்சி எங்கே நடக்கிறது? காலை ஆறரை மணிக்கு, வானொலிப் பெட்டியின் முன். அமெரிக்க ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று வானொலி மூலம் உடற்பயிற்சி கற்பிப்பதைக் கண்டுவந்த ஜப்பானியத் தபால் இலாகாவின் இன்ஷூரன்ஸ் பகுதியார், ஜனங்கள் நெடுநாள் வாழ்ந்தால் தங்களுக்கும் லாபம் என்ற நியாயமான எண்ணத்தோடு, 1928 நவம்பர் 1ஆம் தேதி, புதிய சக்கரவர்த்தியின் முடிசூட்டு வைபவத்தை ஒட்டி ரேடியோ தைஸோ என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். யுத்த காலத்தில் அது தேசத்தையே ஒரே தாளத்தில் கையசைக்க வைக்கும் கருவியாகப் பயன்பட்டதுண்டு. அதனால்தான் அமெரிக்க ஆதிக்க நாட்களில், 1947இல், நின்றுபோயிற்று. 1951இல் புதிய இசையோடும் புதிய அசைவுகளோடும் பிறந்த வடிவமே இன்றும் நடப்பது: பியானோ இசை, பதின்மூன்று அசைவுகள், மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். தொழிற்சாலைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வேலை தொடங்குமுன் இதைச் செய்கிறார்கள். கோடை விடுமுறையில் சிறுவர்கள் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு பூங்காவுக்கு வருவார்கள். பயிற்சி முடிந்ததும் பெரியவர் ஒருவர் அன்றைய கட்டத்தில் முத்திரை குத்துவார். வந்ததற்காகத்தான் அந்த முத்திரை. நன்றாகச் செய்தவனுக்கும் அரைகுறையாகச் செய்தவனுக்கும் ஒரே முத்திரை.

சென்னைக் கடற்கரையில் விடியற்காலையில் நடப்பவர்கள், கைப்பேசியை எடுத்துப் பத்தாயிரம் அடிகள் நிரம்பிவிட்டனவா என்று பார்த்துக்கொள்கிறார்களே, அந்தக் கணக்கும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். ஒலிம்பிக்குக்கு மறுவருஷம், 1965இல், யமஸா என்ற கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை மன்போகெய், அதாவது பத்தாயிரம் அடிமானி, என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வியாபாரப் பெயரே காலப்போக்கில் ஆரோக்கிய விதிபோல உலகெங்கும் பரவிவிட்டது.

ரேடியோ தைஸோவுக்குத் தொலைக்காட்சி வடிவமும் இருக்கிறது. பியானோ ஒலிக்கிறது, பயிற்சிக்காரப் பெண்கள் வரிசையாக நின்று கைகளை உயர்த்துகிறார்கள். அவர்களோடு ஒருத்தி மட்டும் நாற்காலியில் அமர்ந்தபடி, அதே தாளத்தில், அதே புன்னகையோடு, அதே அசைவுகளை உட்கார்ந்தே செய்து காட்டுகிறாள். எழுந்து நிற்க முடியாதவர்கள் தங்கள் வீட்டில் அவளைப் பார்த்துச் செய்கிறார்கள்.